கிண்ணியாத் துறை

திருகோணமலையைப் படத்தில் மட்டும் கண்டவர்க்கு அந்நகரின் போக்குவரத்துச் சிக்கல் விளங்காது. நகருக்குள் இடர் ஏதுமில்லை. புகையிரத நிலையத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கும், அங்கிருந்து பிரெட்றிக் கோட்டைக்கும் நடந்தே செல்லலாம். கால் வலிப்போர் முச்சக்கர வண்டியில் ஏறுவர். நகரை விட்டுத் தெற்கே புறப்படும்போதுதான் இடர் தொடங்கியது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் பாடநூல்கள் புகழும் அதே நீர்ப்பரப்பு, கப்பலுக்குப் புகலிடமாயிருந்தவாறே தரைவழிச் செல்வோனுக்குத் தடையாகவும் இருந்தது. மூதூரார் கொட்டியாரக் குடாவைக் கடக்க இயந்திரப் படகை நம்பினர். கிண்ணியாவினராகிய நாங்கள் ‘பாதை’யை நம்பினோம்.

பாதை என்றதும் வீதியெனப் பிற பகுதி வாசகர் கொள்ளக்கூடும். கிழக்கிலே அச்சொல், வாகனங்களையும் மனிதரையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவைக்கும் பெயர். தம்பலகாமக் குடாவும் கொட்டியாரக் குடாவும் இணையும் இடுக்கில் அது ஊர்ந்துகொண்டிருந்தது. பேருந்தில் வந்தவர் இறங்கி நின்றனர். சொந்தக் காரில் வந்தவரும் அவர்களோடு காத்து நின்றனர். தனியார் ஊர்தி, பொது ஊர்தி என்ற வேறுபாடு நீர் விளிம்பு வரைதான் செல்லுபடியாயிற்று. (இதைச் சமத்துவமென்று போற்ற எனக்கு மனமில்லை. காத்திருப்பில் மட்டும் சமமாயிருத்தல் பெரிய பேறன்று.)

1981ஆம் ஆண்டின் மாரியில் ஓரிரவு உம்மாவுக்குப் பேறுவலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடப்பதாகவும், திருகோணமலை வைத்தியசாலைக்கே கொண்டுசெல்ல வேண்டுமெனவும் மருத்துவிச்சி கூறினார். அயலிலிருந்த நெல் வியாபாரி ஒருவர் உடனே தமது காரை எடுத்தார். ஐந்து நிமிடத்தில் துறையை அடைந்தோம். பாதை அக்கரையில் கட்டப்பட்டுக் கிடந்தது. கூவினோம், மறுமொழி இல்லை. காரின் முன்விளக்கொளி நீரின்மேல் சிறிது தூரம் சென்று மங்கியது. அவ்வளவு விலையுயர்ந்த வண்டி அவ்விடத்தில் ஒரு விளக்காக மட்டுமே பயன்பட்டது.

மீனவர் ஒருவர் தோணியை அவிழ்த்தார். உம்மாவைப் பாயில் கிடத்தி ஏற்றினோம். வாப்பா தோணிக்குள் ஊறிய நீரை இறைத்தபடியே வந்தார். அக்கரையில், விடிந்ததும் பாதையில் ஏறுவதற்காக நின்ற லொறியின் சாரதி, ஒன்றும் கேளாமல் வண்டியைத் திருப்பினார். வெள்ளைமணல், சீனக்குடா எனச் சுற்றி அது சென்ற நேரம் முழுவதும் நான் பின்னே மூடைகளின்மேல் அமர்ந்து, முன்னிருந்து உம்மாவின் குரல் கேட்கிறதா என்று செவிகொடுத்திருந்தேன். சீனக்குடாவைத் தாண்டியபின் அது கேட்கவில்லை. வைத்தியசாலை வாயிலில் இறங்கி ஓடியபோது அவர் கண்களைத் திறந்து என்னைப் பார்த்தார். சுபஹுத் தொழுகைக்குச் சற்று முன் தங்கை பிறந்தாள்.

2009 ஒக்டோபரில் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். ஆசிரியையாகிய தங்கை அதன்மேல் நாள்தோறும் சென்று வருகிறாள். பேருந்து ஐந்து நிமிடம் பிந்திற்றென்று முறையிடவும் செய்கிறாள். எண்பதைத் தொட்ட வாப்பாவை மாதமொருமுறை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்பவளும் அவளே. பாலத்தை அணுகும்போதெல்லாம் அவர் கைத்தடியைப் பற்றிக்கொண்டு இருக்கையிலிருந்து எழ முற்படுவார். “இறங்கத் தேவையில்லை, வாப்பா” என்று அவள் அவரைத் தோளில் தொட்டு அமர்த்துவாள்.