ஆற்றை மூடியிருக்க வேண்டாம்

புளோரிடாவிலுள்ள டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் ‘லிபர்ட்டி பெல்’ படகு 2025 ஜூலை 6 அன்று கடைசியாக ஓடியது. அது சுற்றிவந்த ‘ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற செயற்கை ஆறும், நடுவிலிருந்த டாம் சாயர் தீவும் அத்தோடு மூடப்பட்டன. அங்கே ‘கார்ஸ்’ படத்தையொட்டிய சவாரிகள் வரப்போகின்றன.

‘கார்ஸ்’ மேல் எனக்குக் கோபமில்லை. குழந்தைகள் கொண்டாடும் படம். பூங்கா ஒருநாளும் முழுமையடையாது என்று வால்ட் டிஸ்னியே சொன்னவர்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை.

அந்த ஆறு 1971இல் பூங்கா திறந்தபோதே இருந்தது. நீராவியில் துடுப்புச் சக்கரம் சுழல, தண்ணீருக்கடியில் தண்டவாளத்தைப் பிடித்தபடி படகு மெதுவாகப் போகும். தாத்தா பாட்டியும் கைக்குழந்தையும் சேர்ந்தே ஏறலாம். தீவில் குகை, பீப்பாய்ப் பாலம், மரக்கோட்டை எல்லாம் இருந்தன. பிள்ளைகள் இஷ்டத்துக்கு ஓடலாம். புளோரிடா வெயிலில் அந்த நிழல் எவ்வளவு பெரிய வரம்! அடுத்த சவாரிக்கு நேரம் பார்த்து ஓடுகிற கூட்டத்துக்கு நடுவே, ஒன்றும் செய்யாமல் உட்கார இருந்த இடம் அது.

டிஸ்னிக்கு அங்கே சுமார் 100 சதுர கிலோமீட்டர் நிலம் இருக்கிறது; புதுச் சவாரிகளுக்கு வேறு இடமா இல்லை? கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னி பூங்காவில் ‘ஸ்டார் வார்ஸ்’ பகுதி கட்டியபோது, அங்கிருந்த இதேபோன்ற ஆற்றைச் சுருக்கினார்களே தவிர, மூடிவிடவில்லை. 2017இல் படகு மறுபடி ஓடியது. புளோரிடாவிலும் அப்படிச் செய்திருக்கலாம்.

கலிபோர்னியா போகிறவர்கள் அங்குள்ள ‘மார்க் ட்வெய்ன்’ படகில் அவசியம் ஏறுங்கள். வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப்போங்கள்.