காலை எடுத்தால் நிற்கிறதா?

வில்லியனூர் கொம்யூனில், ஏம்பலம் சாலையையொட்டி இருக்கிறது அந்தத் தகரக் கொட்டகைப் பட்டறை. நான் போயிருந்த காலையில் பாகூர்ப் பக்கத்து நெல் விவசாயி ஒருவர் தன் பழைய பெட்ரோல் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். வேகம் எடுத்தால் வண்டி உதறுகிறதாம். வேறொரு கடையில் வீல் பேலன்ஸிங் செய்தாயிற்று, அலைன்மென்ட் பார்த்தாயிற்று, முன் டயர் இரண்டையும் மாற்றியாயிற்று. உதறல் மட்டும் அப்படியே இருக்கிறது.

பட்டறைக்காரர் பானெட்டைத் திறக்கவில்லை. கேட்கத் தொடங்கினார்.

“எத்தனைல உதறுது ஐயா?”

“நாப்பது, அம்பதுல தம்பி. பாலம் ஏறுறப்ப ரொம்ப.”

“அதே அம்பதுல ஓடும்போது ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுத்தா?”

பெரியவர் சற்று யோசித்தார். “நின்னுடுது.”

இந்த ஒரு பதிலில் டயர்கள் வழக்கிலிருந்து விடுதலையாகிவிட்டன. பேலன்ஸ் தப்பிய சக்கரம் வேகத்துக்குத்தான் கட்டுப்பட்டது. மிதியில் கால் இருந்தாலும் எடுத்தாலும் அதே வேகத்தில் உதறத்தான் செய்யும். காலை எடுத்ததும் உதறல் அடங்கினால், கோளாறு இன்ஜினின் விசை சக்கரத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. முதல் கடையில் யாராவது இதைக் கேட்டிருந்தால் இரண்டு டயரின் விலை அந்த விவசாயிக்கு மிச்சமாகியிருக்கும். எனக்கு அதில் உண்மையாகவே ஆத்திரம் உண்டு.

பிறகு சாலை. நான் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். ஐம்பதில் அழுத்திப் பார்த்தார். வண்டி இடமும் வலமுமாக ஆடியது. நியூட்ரலில் தள்ளி ஓடவிட்டார், அமைதி. திரும்பி வந்து நின்ற இடத்திலேயே இன்ஜினை உறுமவிட்டார், அப்போதும் அமைதி. அதை வைத்து இன்ஜினை விட்டுவிடக் கூடாது என்றார். பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, பிளக்கில் பொறி தாவுவதற்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. நின்றபடி ஒழுங்காக எரியும் காயில் மேட்டில் ஏறும்போது மிஸ்ஸிங் அடிக்கலாம். ஸ்கேனரைச் செருகினார். முதல் சிலிண்டர் தவறினால் பி0301 என்று காட்டும், எதுவும் காட்டவில்லை. அதோடும் விடாமல் பிளக்குகளைக் கழற்றி நிறம் பார்த்தார். மவுண்டிங்குக்கு ஒரு சோதனை: பிரேக்கை மிதித்தபடி கிளட்சைப் பாதி விட, இன்ஜின் எவ்வளவு சாய்கிறது என்று உதவியாள் பையன் குனிந்து பார்த்தான். சாய்வு அளவோடு இருந்தது.

மிச்சம் ஆக்சில். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, கியர்பாக்ஸை ஒட்டிய வலப்பக்க ஜாயின்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். ஆட்டம் தெரிந்தது. அதை மூடும் ரப்பர் பூட் மடிப்பில் கிழிந்திருந்தது.

“புயல்ல வண்டி தண்ணில நின்னுச்சா?”

நின்றிருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருக, பாகூர் வட்டாரத்து ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் பார்க்கலாம். பூட்டுக்குள் புகுந்த தண்ணீரை யாரும் பார்ப்பதில்லை.

ஆக்சிலை உருவி, கிளிப்பை வெட்டி, பூட்டை விலக்கினார். கறுப்பாக இருக்க வேண்டிய கிரீஸ் பால் கலந்த டீ நிறத்தில் வந்தது. உள்ளே ஒரு கிண்ணம், அதில் மூன்று தடங்கள், ஒவ்வொன்றிலும் ஊசி பேரிங் மேல் ஓடும் ஓர் உருளை. துடைத்துவிட்டு என் விரல் நகத்தைத் தடத்தில் ஓட்டச் சொன்னார். ஓரிடத்தில் நகம் இடறியது. அந்தப் பள்ளம்தான் நோய். பாரம் ஏறும்போது உருளை அதில் அழுந்தி, வழுக்கி ஓடாமல் உரசி, ஆக்சிலைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஒரு சுற்றுக்கு மூன்று தள்ளல். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஏழெட்டுச் சுற்று சுற்றும் என்றால், இருபதுக்கு மேற்பட்ட தள்ளல்கள். காலை எடுத்ததும் பாரம் இறங்குகிறது, தள்ளலும் ஓய்கிறது.

அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் பின்சக்கரம் தள்ளும் அம்பாசிடரில் வளர்ந்தவர். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் முன்சக்கரத்தை இழுக்கும் இந்த ஆக்சில் நம் பட்டறைகளில் பரவலாகப் பழகியது. உள் ஜாயின்ட், வெளி ஜாயின்ட் இரண்டின் கோளாறுகளையும் இவர் கையால் தொட்டுத்தான் கற்றிருக்கிறார். வளைவில் திருப்பும்போது டக் டக் என்றால் வெளியே. நேராக ஓடி வேகம் எடுக்கும்போது உதறினால் உள்ளே.

புது ஜாயின்ட், புது பூட், புது கிரீஸ். ஹப் நட்டையும் புதிதாகவே போட்டு டார்க் ரெஞ்சால் முறுக்கினார். மறுபடி அதே சாலை, அதே ஐம்பது. வண்டி ஆடாமல் ஏறியது.

பில்லில் பாகங்களின் விலை இருந்தது, கழற்றி மாட்டிய கூலி இருந்தது. கண்டுபிடித்ததற்கு ஒரு ரூபாயும் இல்லை. அன்று காலையில் நடந்த வேலையில் பெரும்பகுதி அதுதான். சோதனைக்கு என்று தனி வரி எழுதுங்கள் என்று வற்புறுத்தினேன்.

“எழுதுனா அடுத்த வாட்டி டயர் கடைக்குத்தான் சார் போவாங்க,” என்றார்.

அவர் சொல்வது நடைமுறை. ஆனால் பாகத்தை மாற்றுகிறவனுக்கு மட்டும் காசு கொடுக்கும்வரை, பாகங்களைத்தான் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இடப்பக்கப் பூட்டிலும் வெடிப்பு விட்டிருந்தது. உள்ளே இன்னும் கெடவில்லை, ரப்பரையும் கிரீஸையும் மட்டும் மாற்றினால் போதும் என்று காட்டினார். சொர்ணவாரி அறுப்பு முடியட்டும் என்றார் பெரியவர்.

“ஐப்பசி மழைக்கு முன்னாடி வந்துடுங்க ஐயா. தண்ணி உள்ள போயிட்டா மறுபடி இதே செலவு.”