எச்சம் அற்ற சோதனை

வகுப்பறையுள் நுழையும் ஆசிரியர், முந்திய பாடவேளையில் பலகையில் எழுதப்பெற்றதை முதற்கண் அழிக்கின்றார். அழியாத எழுத்தின்மேல் எழுதுவது எத்துணைத் திருத்தமாக இருப்பினும் பிழைபடவே படிக்கப்பெறும். ஆசிரியர் அனைவரும் அறிந்த இவ்வெளிய உண்மை, கணினி நிரல் எழுதுவோரால் பல வேளைகளில் மறக்கப்படுகின்றது.

மென்பொருளின் ஒவ்வொரு பகுதியும் செவ்வனே இயங்குகின்றதா எனத் தாமே சரிபார்க்கும் சோதனை நிரல்களையும் நிரலர் உடன் எழுதுவர். அவற்றுள் பல, தகவல்களைத் தொகுத்து வைத்திருக்கும் தரவுத்தளத்தையே மாற்றுவன. பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ உள்ள ஒரு தமிழ்ப்பள்ளிக்கு மாணவர் பதிவேடு ஒன்று கணினியில் அமைக்கப்பெறுவதாகக் கொள்க. முதற்சோதனை ஒரு மாணவரைப் புதிதாகப் பதிவு செய்கின்றது. இரண்டாம் சோதனை ஒரு மாணவரை வேறு வகுப்புக்கு மாற்றிப் பார்க்கின்றது. முன்னது விட்டுச்சென்ற மாணவரையே பின்னது பயன்படுத்திக்கொண்டால் இரண்டும் தேறிவிடும். பின்னொரு நாள் முதற்சோதனை நீக்கப்பட்டால், இரண்டாவது வீழும். நிரலரோ பிழையற்ற இடத்தில் பிழையைத் தேடிக் களைப்பார். அதனினும் கேடு யாதெனில், மென்பொருளில் மெய்யாகவே உள்ள பிழையை அவ்வெச்சம் மறைத்துவிடக்கூடும் என்பதே. பொய்யாகத் தேறும் சோதனை, சோதனை இல்லாமையினும் தீது; அது பொய் நம்பிக்கையை விளைவிக்கின்றது.

இத்தகைய எச்சத்தை ஐயுற்ற அறிஞர் ஒருவர், கணினி தோன்றுமுன்பே கோலாலம்பூரில் வாழ்ந்தார். அவர் மருத்துவர் வில்லியம் பிளெட்சர். பெரிபெரி நோய் பலரை மாய்த்துவந்த காலம் அது. 1905-06ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை அவர் வரிசையாக எண்ணி, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு கூடத்திலும் இரட்டைப்படை எண்ணினரை மற்றொரு கூடத்திலும் வைத்தார். ஒரு சாரார்க்குத் தீட்டிய சயாம் பச்சரிசியும், மறு சாரார்க்குத் தமிழர் நன்கறிந்த புழுங்கலரிசியும் வழங்கப்பெற்றன. எனினும் ஓர் ஐயம் எஞ்சியது. நோய்க்குக் காரணம் அரிசிதானா, அன்றி முன்னிருந்த நோயாளர் கட்டடத்தில் விட்டுச்சென்ற தொற்றா? அதனை அறிய, இடையில் இரு சாராரையும் கூடம் மாற்றி அமர்த்தினார். இடம் மாறியும் முடிவு மாறவில்லை. பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவர்க்கே நோய் காணப்பட்டது. அவ்விருவரும் சேரும்போதே நோயுடன் வந்தவர்கள். தொடக்க நிலையைக் குறித்து வைத்திராவிடில், அவ்விருவரும் புழுங்கலரிசியின் கணக்கில் ஏறியிருப்பர்! இச்செய்தியை 1907இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியினுள் ஊடுருவுகின்றது என்பது பின்னர் தெளிவாயிற்று.

பிளெட்சர் கையாண்ட நெறியே கணினிச் சோதனைக்கும் உரியது. ஒவ்வொரு சோதனையும் தனக்கு வேண்டிய மாணவரைத் தானே பதிவு செய்துகொள்ளல் வேண்டும். தரவுத்தளங்களில் ‘டிரான்சாக்ஷன்’ என்னும் ஏற்பாடு உண்டு. அதனுள் செய்த மாற்றங்களை எல்லாம் ‘ரோல்பேக்’ என்னும் ஒரே கட்டளை இல்லாதனவாக்கும். ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. அனுப்பிய மின்னஞ்சல் திரும்பாது. போஸ்ட்கிரஸ் போன்ற தரவுத்தளங்களில் வரிசை எண்ணும் பின்செல்லாது. ஆதலின், புதிய மாணவரின் எண் 1 ஆகவே இருக்கும் என எதிர்பார்த்தல் தகாது. நடுவில் முறிந்த சோதனை தன் இறுதித் துப்புரவைச் செய்யாமற் போகலாம். எனவே, தொடங்குமுன் தூய்மை செய்வதே பாதுகாப்பு. ஒரே நேரத்தில் பல சோதனைகள் இயங்குமாயின், ஒவ்வொன்றிற்கும் தனித் தரவுத்தளம் அளித்தல் நன்று. இவற்றிற்கு மேலாக, சோதனைகளின் வரிசையை அவ்வப்போது கலைத்து இயக்குதல் வேண்டும். கூடம் மாற்றிய செயலுக்கு இது நிகர். வரிசை மாறியதும் முடிவு மாறுமாயின், எச்சம் எங்கோ தங்கியுள்ளது என்பது தெளிவு.

கோலாலம்பூரில் மாண்ட 18 பேரையும் எக்கட்டளையாலும் மீட்க இயலவில்லை. உயிர்களை வைத்துச் சோதித்தவர்க்கு இல்லாத வாய்ப்பு, தரவுகளை வைத்துச் சோதிப்பவர்க்கு உண்டு. மீட்கக்கூடியதை மீட்காது விட்டு, அதன்மேல் பெறும் தேர்ச்சியை உண்மை என நம்புதல் அறிவுடைமை ஆகுமோ?