கடைசி ஆளு வர்ற வரைக்கும் வெயிட்!

வெங்காய வேர் நுனியை நசுக்கி, மைக்ராஸ்கோப்புல பார்த்து, 'மெட்டாஃபேஸ்'னு ரெக்கார்டுல வரைஞ்சு கையெழுத்து வாங்கிட்டா, நம்மில் பல பேருக்கு செல் பிரிதல் அத்தோட ஓவர். ஆனா, அந்த மெட்டாஃபேஸ்லதான் மேட்டரே இருக்கு பாஸ்!

மனுஷ செல்லுக்குள்ள 46 குரோமோசோம். பிரியறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணும் ரெட்டையாகி ஒட்டிக்கிட்டு நிக்கும். அப்போ செல்லோட ரெண்டு முனையில இருந்தும் மைக்ரோட்யூபூல்ங்கிற குழாய்கள் நீளும். குறுக்களவு வெறும் 25 நானோமீட்டர். ட்யூபுலின்ங்கிற புரதத்தைச் செங்கல் மாதிரி அடுக்கிக் கட்டினது. நீளும், சட்டுனு உதிரும், மறுபடி நீளும். கரன்ட் போன வீட்டுல தீப்பெட்டி தேடுற கை மாதிரி! குரோமோசோம் தட்டுப்பட்டா கப்புனு பிடிச்சுக்கும். ரெட்டையில ஒண்ணை இந்த முனையும், இன்னொண்ணை அந்த முனையும் பிடிக்கணும்.

45 ரெடி, ஒண்ணே ஒண்ணு மட்டும் மாட்டலைன்னா? செல் காத்திருக்கும். அவசரப்பட்டா ஒரு செல்லுக்கு ஒண்ணு கூடிடும், இன்னொண்ணுக்குக் குறைஞ்சிடும். அதனால மாட்டாத அந்த ஒரு இடத்துல இருந்து, 'மேட்-2' மாதிரியான புரதங்கள் 'வெயிட்'னு சிக்னல் கொடுத்துக்கிட்டே இருக்கும். கடைசி ஆளும் மாட்டின பிறகுதான் ரெட்டைகளை ஒட்டிவெச்ச பசை அறுபடும். கூடவே சைக்ளின்ங்கிற புரதமும் அழியும். பிரிதலுக்குப் பிரிதல் ஏறி இறங்குற இந்த சைக்ளினை, 1982-ல் கடல் முள்ளெலி முட்டையில் கண்டுபிடிச்சவர் டிம் ஹன்ட். 2001-ல் லேலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் ரெண்டு பேரோட சேர்த்து அவருக்கு நோபல் பரிசு.

இதெல்லாம் எனக்கு நிஜமா புரிஞ்சது கிளாஸ்ல இல்லை. பி.எஸ்சி. முதல் வருஷம் படிச்சப்ப, அக்கா பையனுக்கு ரத்தப் புற்றுநோய். ஆறு வயசு. வாரா வாரம் ஏத்தின மருந்துகள்ல ஒண்ணு வின்கிரிஸ்டின். சுடுகாட்டு மல்லினு வீட்டுல வைக்கவே யோசிப்பாங்களே, அந்த நித்தியகல்யாணிச் செடியில இருந்து எடுக்கறது! அது ட்யூபுலினைப் பிடிச்சுக்கிட்டு, குழாய் கட்டவே விடாது. குழாய் இல்லைன்னா குரோமோசோம் மாட்டாது. 'வெயிட்' சிக்னலும் நிக்காது. காத்திருந்து காத்திருந்தே பல புற்று செல்கள் செத்துப்போகும்.

"சித்தி, முடி ஏன் கொட்டுது?"னு கேட்டான். முடியோட வேர்ல இருக்குற செல்லும் வேகமா பிரியற ஜாதி. மருந்துக்கு நல்லவன், கெட்டவன் தெரியாது. "காலு மதமதன்னு இருக்கு"ன்னான். நரம்புக்குள்ள சரக்கு போற தண்டவாளமும் மைக்ரோட்யூபூல்தான். மருந்து அங்கேயும் கைவெக்குது.

"ஊசியை நிறுத்திடலாமாடி?"னு அக்கா அழுதா. பழைய காலண்டர் தாள்ல குழாயும் குரோமோசோமும் வரைஞ்சு காட்டினேன். மறுநாள் ரெண்டு பேருமா டாக்டர்கிட்ட கேட்டோம். "டோஸை நான் பார்த்துக்கறேன், பாதியில நிறுத்தாதீங்கம்மா"ன்னார். அக்கா நிறுத்தலை.

இப்போ சார் நாலாம் கிளாஸ். தலை நிறைய முடி. சலூனுக்குக் கூப்பிட்டா மட்டும் வர மாட்டேங்குறார். நாங்களும் வற்புறுத்தறதில்லை!