சாப்பாட்டு வரிசை

தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. வேப்பமரக் கிளையில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்குகிறது, அதுதான் மணி. மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு முன்னதாகவே வந்துவிட்ட நான் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. நல்லதுதான்.

நாலாம் வகுப்பு வாசலில் ஒரு பையன். தட்டைத் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருக்கிறான். மணி இன்னும் அடிக்கவில்லை. அடிக்கும் என்று அவனுக்குத் தெரியும்; எந்த நொடியில் என்பது தெரியாது. அதுதான் பாடு.

அவனுக்கு ஆட்டிசம். பக்கத்தில் ஸ்பெஷல் டீச்சர் குந்தி உட்கார்ந்து, கையால் படம் வரைந்த சின்ன நோட்டைப் புரட்டுகிறார். "மணி அடிக்கும். சத்தமா இருக்கும். காதப் பொத்திக்கலாம். சத்தம் நின்னுடும். அப்புறம் எல்லாரும் வரிசைல நிப்போம். வரிசை மெதுவாத்தான் போகும்." சமூகக் கதை என்பார்கள் இதை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பள்ளி ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை. 'இப்படிச் செய், அப்படிச் செய்யாதே' என்பது அதில் குறைவாக இருக்க வேண்டும். என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று சொல்வதே அதிகம். பிள்ளைகளிடம் நாம் வழக்கமாகப் பேசுவதற்கு நேர் எதிர்.

மணி அடித்தது. பையன் கண்ணை இறுக மூடித் திறந்தான். கையை எடுத்தான். தட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வரிசையில் போய் நின்றான்.

வரிசை என்றால் நம் ஊர் வரிசை. முதுகோடு வயிறு ஒட்டி, பின்னால் இருப்பவன் தட்டு முன்னால் இருப்பவன் இடுப்பில் இடிக்கும். இவன் மட்டும் முன்னே ஒரு முழம் விட்டு நிற்கிறான். அந்த இடைவெளியில் இரண்டு பேர் புகுந்தாயிற்று. இவன் கவலைப்படவில்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பிக்கிறான். தஞ்சாவூர் ஸ்டேஷன் அறிவிப்புக் குரல் அப்படியே வருகிறது, வண்டி எண்ணை இலக்கம் இலக்கமாக நிறுத்திச் சொல்வது உட்பட. உழவன் எக்ஸ்பிரஸ் எழும்பூர் புறப்படத் தயாராகிறது.

தலைமையாசிரியர் அந்தப் பக்கம் வந்தார். "சாருக்கு வணக்கம் சொல்லு. கண்ணப் பாத்துச் சொல்லணும்." பையன் நிமிர்ந்து வணக்கம் சொன்னான். சாருக்குத் திருப்தி. நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்: அவன் பார்த்தது கண்ணை இல்லை, நெற்றியிலிருந்த திருநீற்றுக் கீற்றை. கொஞ்சம் முன்பு டீச்சரின் பொட்டையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைப் பார்ப்பது அவனுக்கு வேதனை என்றால், நம் திருப்திக்காக அதை ஏன் அவன் தாங்க வேண்டும் என்று தெரியவில்லை. அவனே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். திருநீறு பூசாதவர்கள் வந்தால் பாவம் என்ன செய்வானோ.

அப்புறம்தான் அது நடந்தது. பின்னால் நின்ற உயரமான பையன், "நகருடா" என்று இவன் தோளைப் பிடித்துத் தள்ளினான். அலறல். தட்டு சிமெண்டுத் தரையில் உருண்டது. "லூசு சார் இவன்" என்று யாரோ கத்த, சிரிப்பு பரவியது.

டீச்சர் ஓடிவந்தார். அலறியவனைச் சுவரோரம் அழைத்துப்போய் நிறுத்திவிட்டு, பக்கத்தில் பேசாமல் நின்றார். மூச்சு அடங்கியதும் தட்டைக் கையில் கொடுத்தார். பிறகு அவர் போனது உயரமானவனிடம். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை. "பின்னாலேருந்து தொட்டா அவனுக்குத் தூக்கிவாரிப் போடும். முன்னாடி வந்து நில்லு. பேரச் சொல்லு. அவன் நிமிந்தப்புறம் விஷயத்தச் சொல்லு. எங்கே, என்கிட்ட செஞ்சு காட்டு." அவன் நெளிந்தான். செய்து காட்டினான். இன்னொரு தடவை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், தானும் ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரியவில்லை என்கிறோம். மற்றவருக்கும் அவர் மனம் புரிவதில்லையே, குறை ஒரு பக்கத்தது மட்டும் எப்படி ஆகும் என்பது அவர் வாதம். டீச்சர் அதைப் படித்தாரோ இல்லையோ, அந்த வராந்தாவில் செய்தது அதைத்தான்.

நம் சட்டம் இந்தப் பையனைக் கண்டுகொண்டதும் மெதுவாகத்தான். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் ஏழு வகைகளில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தில் இருபத்தொன்றாகி, ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் சேர்ந்தன. எல்லாருடனும் ஒரே பள்ளியில் படிக்கும் உரிமையும் எழுதப்பட்டது. அதை நடத்திக் காட்ட வேண்டியவர், தொகுப்பூதியத்தில், ஸ்கூட்டரில் பள்ளி பள்ளியாகப் போகும் இந்த டீச்சர்.

சாப்பாடு முடியும் நேரம். பையன் முட்டையின் மஞ்சளைப் பிரித்துத் தட்டோரம் வைத்திருக்கிறான். உயரமானவன் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, பேரைச் சொல்லி, நிமிரும் வரை நின்று, "மஞ்சள் வேணாம்னா எனக்குத் தர்றியா?" என்றான். தட்டு அவன் பக்கம் நகர்ந்தது.

டீச்சர் அலுவலக அறையில் ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் பையனின் பதிவேட்டை நிரப்புகிறார். கூட்டத்துக்கு என்னையும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தார்: "'தோளைத் தொடாமல், முன்னே வந்து, பெயர் சொல்லி அழைக்கக் கற்றுக்கொண்டான்.' என்ன டீச்சர், இது அந்தத் தடியன் செஞ்சதுல்ல? இவன் பேர்ல எழுதுறீங்க?"

"அவனுக்கு இதுல கட்டம் இல்லையே சார்" என்றார் டீச்சர். "நாளைக்கு நான் வேற ஸ்கூல். மணியடிக்க அஞ்சு நிமிஷம் முன்னாடி யாராவது போய் இவன்கிட்ட சொல்லிடுங்க."