இரும்பில் எழுதிய எழுத்து

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

எழுதியிருப்பதைப் படிப்பது ஒரு திறமை. அது ஏன் எழுதப்பட்டது என்று அறிவது மற்றொரு திறமை. முதலாவது மட்டும் வாய்க்கப்பெற்ற ஒருவர் சொன்ன சொல்லால் எங்கள் ஊரில் ஒரு குடும்பம் நான்கு மாதங்கள் உறக்கமின்றித் தவித்தது. அவர்களை அஞ்ச வைத்தவை மூன்றே மூன்று ஆங்கிலச் சொற்கள். அவை தாளில் எழுதப்பட்டவை அல்ல. ஒரு பழைய ரிவால்வரின் குழலில் பொறிக்கப்பட்டவை. ‘நாட் இங்கிலீஷ் மேக்’, அதாவது இங்கிலாந்தில் செய்யப்பட்டதன்று! அந்தச் சொற்களின் பிறப்பிடத்தைத் தேடிய வரலாற்றையே இங்கே என் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்த ரிவால்வர் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டைச் சேர்ந்தது. மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து 1972-ஆம் ஆண்டில் அவ்வீட்டு ஐயா அதை விலைக்கு வாங்கினார். உரிமம் முறையாக எடுத்தார். வாங்கிய ரசீதையும் பத்திரப்படுத்தினார். இரவில் தோப்புக்குக் காவல் போகும்போது அது அவர் இடுப்பில் இருக்கும். அதைச் சுட்டதாக ஊரில் யாரும் சொல்லக் கேட்டதில்லை. ஒவ்வொரு தேர்தலின்போதும் காவல் நிலையத்தில் ஒப்படைப்பார். தேர்தல் முடிந்ததும் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கி வருவார். ஐயா காலமான பிறகு, சட்டப்படி அந்த ரிவால்வர் காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டில் எஞ்சியவை லைசென்ஸ் புத்தகமும் ரசீதும் மட்டுமே.

ஆச்சிக்கு அதை மீண்டும் வீட்டுக்குக் கொண்டுவர விருப்பமில்லை. விற்றுவிடலாம் என்று நகரத்திலிருந்து ஒரு துப்பாக்கி வணிகரை அழைத்தார்கள். அவர் நிலையத்துக்கு வந்து பார்த்துவிட்டு இரண்டு செய்திகளைச் சொன்னார். முதலாவது, “இது கம்பெனிச் சரக்கில்லை. இங்கிலீஷ் மேக் இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. எவனோ உள்ளூரில் செய்த போலி.” இரண்டாவது, “உருளையைத் திறந்தால் உள்ளே ஓர் எண் இருக்கிறது. உங்கள் லைசென்ஸில் இருப்பது வேறு எண். ஆகவே யாரோ எண்ணை மாற்றியிருக்கிறார்கள்.” பிறகு, அந்தத் தொல்லையைத் தாமே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, பழைய இரும்பு விலையைவிடச் சற்றே அதிகமான ஒரு தொகையையும் சொன்னார்.

பணம் போனால் போகட்டும். இரண்டாவது செய்தி அப்படிப்பட்டதன்று. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்பதைத் தடுக்கிறது. குறி அழிக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால், அதை வைத்திருந்தவரே அப்படிச் செய்தார் என்று சட்டம் முதலில் கருதும். அவ்வாறு செய்யவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவருடையதே. இறந்துபோனவர் எப்படி வந்து மெய்ப்பிப்பார்?

“தம்பி, எனக்குத் துட்டு பெருசில்ல. அவுக கள்ளத் துப்பாக்கி வச்சிருந்தாகன்னு நாளைக்கு ஒருத்தன் வாய் தொறந்து பேசப்பிடாது. நீ காலேஜ்ல படிக்கியே, அதுல என்னதான் எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுய்யா” என்றார் ஆச்சி.

என் தந்தையார் அவ்வீட்டு வயலைக் குத்தகைக்கு உழுபவர். எங்கள் தெருவில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. ஆகவே மருந்துச் சீட்டு முதல் வங்கிக் கடிதம் வரை எல்லாம் என்னிடம்தான் வரும். துப்பாக்கி வந்தது அதுவே முதல் முறை!

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைத் தந்து உதவினார். “கண்ணால் மட்டும் பார்க்காதே. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடு. மழுங்கிய எழுத்தும் தெரியும்” என்று ஒரு வழியும் சொன்னார். ஆச்சியின் மகனான அண்ணாச்சியோடு காவல் நிலையம் சென்றேன். நிலைய ரைட்டர் பீரோவிலிருந்து ரிவால்வரை எடுத்து, உருளையைத் திறந்து, குண்டு இல்லை என்பதைக் காட்டிவிட்டு மேசைமேல் வைத்தார். அவரே திருப்பித் திருப்பிக் காட்ட, நான் தாளில் தேய்த்து எடுத்தேன்.

அந்தச் சின்ன இரும்பில்தான் எத்தனை எழுத்துகள்! குழலின் மேற்புறத்தில் பாதி தேய்ந்த ஒரு வரி. அதில் ‘ஸ்மித் அண்ட் வெஸ்’ என்பதும், வரியின் கடைசியில் 1914, டிசம்பர் 29 என்ற நாளும் தெரிந்தன. பக்கவாட்டில் அந்த ‘நாட் இங்கிலீஷ் மேக்’. அதன் அருகே கடுகளவில் மூன்று மணிமுடிகள். முடிகளின் கீழே பி.வி., பி.பி., என்.பி. என்ற ஆங்கில எழுத்துகள். ‘டன்’ என்றொரு சொல். அதன் பக்கத்தில் சின்னஞ்சிறு சதுரம் ஒன்று. உருளையின் புறத்திலும் ஆறு அறைகளுக்கு ஆறாக முடியிட்ட முத்திரைகள். உருளையைத் தாங்கி வெளியே மடங்கும் கையின் உட்புறத்தில் வணிகர் பார்த்த அந்த எண்.

இவற்றைப் படியெடுத்துக்கொண்டு வந்து, கல்லூரி நூலகத்திலும் அங்குள்ள கணிப்பொறியிலும் மூன்று வார காலம் தேடினேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக வாய் திறக்கத் தொடங்கின.

இங்கிலாந்தில் ஒரு துப்பாக்கியைச் செய்தவுடன் விற்றுவிட முடியாது. பொதுவான ஒரு சோதனைக்கூடத்தில் அது தேறியாக வேண்டும். இலண்டன் துப்பாக்கி செய்வோர் கழகம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காம் நகரின் சோதனைக்கூடம் 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் ஏற்பட்டது. இன்றும் நடைபெற்று வருகிறது. நான் கண்ட முடியும் எழுத்தும் பர்மிங்காமுக்குரியவை. 1904 முதல் 1954 வரை அந்தக் கூடம் இட்ட முத்திரைகள் அவை.

சோதனை எப்படி நடக்கிறது? வழக்கமான தோட்டாவைவிட மிகுந்த அழுத்தம் தரும் தோட்டாவை இட்டுச் சுடுவார்கள். பிறகு குழலையும் அறைகளையும் உற்று நோக்குவார்கள். நம் ஆய்வகத்தில் கம்பியில் எடையைத் தொங்கவிட்டு யங் குணகம் காண்கிறோமல்லவா? எடையை எடுத்ததும் கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பினால், அது மீள் எல்லைக்குள் இருக்கிறது என்கிறோம். திரும்பாவிட்டால் எல்லை கடந்துவிட்டது. இதுவும் அதே தத்துவமே! மிகை அழுத்தத்தைத் தாங்கிய பின்னும் குழல் வீங்காமல், விரியாமல், முன்போலவே இருந்தால் அது தேறியது. பி.வி. என்பது கண்ணால் நோக்கித் தேர்ந்ததற்கு, பி.பி. என்பது கருமருந்துச் சோதனைக்கு, என்.பி. என்பது புகையில்லா நைட்ரோ மருந்துச் சோதனைக்கு அடையாளங்கள். ‘டன்’ என்பது வேலை அழுத்தத்தின் அளவு. அருகே இருந்த சின்னச் சதுரம் வெறும் கோலமன்று; ‘ஒரு சதுர அங்குலத்துக்கு’ என்பதன் சுருக்கக் குறி! இங்கிலாந்தின் டன் 2,240 பவுண்டு. ஒரு சதுர அங்குலத்தில் அத்தனை எடையைப் பன்மடங்காக்கி நிறுத்தினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கட்டைவிரல் கனமுள்ள அந்த எஃகு அதைத்தான் தாங்கியிருக்கிறது.

அப்படியானால் ‘நாட் இங்கிலீஷ் மேக்’ என்பது என்ன? புதிர் அவிழ்ந்தது இங்கேதான். அமெரிக்காவில் சட்டம் கட்டாயப்படுத்தும் பொதுச் சோதனைக்கூடம் கிடையாது, செய்பவர்களே சோதித்துக்கொள்வார்கள். ஆகவே அமெரிக்கத் துப்பாக்கியை இங்கிலாந்தில் விற்க வேண்டுமானால், அங்கே மீண்டும் சோதிக்க வேண்டும். இங்கிலாந்து முத்திரையும் விழும். அந்த முத்திரையைப் பார்த்து அயல்நாட்டுத் துப்பாக்கியை இங்கிலாந்தில் செய்தது என்று மக்கள் மயங்கக்கூடுமல்லவா? அந்த மயக்கத்தைத் தவிர்க்க, 1925-ஆம் ஆண்டுச் சோதனை விதிகள் ஒரு கட்டளை இட்டன. சோதனையில் தேறிய அயல்நாட்டுத் துப்பாக்கியின்மேல் ‘நாட் இங்கிலீஷ் மேக்’ என்று பொறிக்க வேண்டும். 1950-களின் நடுப்பகுதியில் இவ்வழக்கம் நின்றுபோயிற்று.

ஆகவே அந்த மூன்று சொற்கள் போலி என்பதற்கு அடையாளம் அல்ல. தேறாத துப்பாக்கிக்கு அந்த முத்திரையே கிடைக்காது! அயலில் பிறந்தது, இங்கே சோதிக்கப்பட்டது, தேறியது என்பதற்கான சான்றிதழ் அது. வணிகர் அந்த வரியில் ‘அல்ல’ என்பதை மட்டும் படித்தார். பக்கத்திலிருந்த மூன்று மணிமுடிகளைப் படிக்கவில்லை.

காலமும் ஓரளவு கைக்கு எட்டியது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்பது 1852-இல் தொடங்கிய பெயர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துத் தொழிற்சாலை. உருளையைப் பக்கவாட்டில் மடக்கித் திறக்கும் .32 ரிவால்வரை அவர்கள் 1896-இல் முதன்முதலாகக் கொண்டுவந்தனர். 1914 என்பது செய்த ஆண்டன்று; காப்புரிமை பெற்ற நாள். ஆகவே இது அதற்குப் பிந்தியது. இங்கிலாந்தில் சோதித்தது 1925-க்குப் பின், முத்திரை மாறிய 1954-க்கு முன். ஒரு பெயரும் மூன்று முடிகளும் சேர்ந்து ஒரு பொருளின் வயதைச் சொல்லிவிட்டன.

எஞ்சியது எண். துப்பாக்கியின் எண் எத்தனை வலிமையுடையது என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. 1914, ஆகஸ்டு 26 அன்று கல்கத்தாவின் ரோடா நிறுவனத்துக்கு வந்த 50 மௌசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் வங்கப் புரட்சியாளர்கள் கடத்திச் சென்றனர். அவற்றின் எண்கள் நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்தன. 31 கைத்துப்பாக்கிகள் மீட்கப்பட்டதாக 1918-இல் வந்த ரௌலட் குழுவின் அறிக்கை கூறுகிறது. 1928, டிசம்பர் 17 அன்று லாகூரில் சாண்டர்ஸ் சுடப்பட்ட வழக்கில் பகத்சிங்குடையது எனப்பட்ட .32 கோல்ட் கைத்துப்பாக்கி, பிற்காலத்தில் எங்கே என்றே தெரியாமல் இருந்தது. 2016-இல் இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தில், பூசியிருந்த கறுப்பு வண்ணத்தை நீக்கிப் பார்த்தபோது 168896 என்ற எண் வெளிப்பட்டது. ஓர் எண் ஒரு வீரரின் நினைவையே மீட்டுக் கொடுத்தது!

ஆச்சி வீட்டு எண்ணுக்கு வருவோம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தொழிற்சாலையில் உறுப்புகளைக் கையால் இழைத்துப் பொருத்தினார்கள். ஒன்றின் உறுப்பு மற்றொன்றோடு கலந்துவிடாமலிருக்க, மடங்கும் கையின் உட்புறத்தில் ஓர் இணைப்பு எண்ணை இடுவார்கள். வேலை முடிந்தபின் அதற்குப் பயனில்லை. உண்மையான வரிசை எண் கைப்பிடியின் அடிப்பாகத்தில் இருக்கும். அதுவே உருளையின் பின்முகத்திலும், குழலின் அடியிலும் மறுபடி இடம்பெறும். இந்த ரிவால்வரிலோ பழைய கைப்பிடி உடைந்துபோய், உள்ளூர் ஆசாரி தேக்கில் சற்றுப் பெரிதாக ஒன்றைச் செய்து மாட்டியிருந்தார். அது அடிப்பாகத்தை முழுதும் மூடிவிட்டது. வணிகர் கண்ணில் பட்டது இணைப்பு எண் மட்டுமே.

இவற்றை அண்ணாச்சி ஒரு மனுவாக எழுதிக் கொடுத்தார். குறித்த நாளில் ஆயுதப்படையிலிருந்து ஆர்மரர் ஒருவர் வந்தார். ஆச்சியும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆர்மரர் உருளையின் பின்முகத்தைத் துடைத்துப் படித்தார், ஆறு இலக்கங்கள். குழலின் அடியைப் பார்த்தார். அதே ஆறு இலக்கங்கள். பிறகு ஒரே ஒரு திருகைக் கழற்றித் தேக்குக் கைப்பிடியை எடுத்தார். ஐம்பது ஆண்டுகள் காற்றும் வியர்வையும் படாமல் மரத்தடியில் மறைந்திருந்த எண், நேற்று அடித்ததுபோல் பளிச்சென்று இருந்தது. ரைட்டர் லைசென்ஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாக உரக்கப் படித்தார். ஆறும் பொருந்தின. ஆச்சி ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ரிவால்வர் பிறகு உரிமம் பெற்ற வேறொரு வணிகரிடம் நியாயமான விலைக்குப் போயிற்று. அந்த வேலை முடிந்ததும், “அவுக பேரு நின்னுட்டுது தம்பி” என்று மட்டும் சொன்னார் ஆச்சி.

நண்பர்களே! நம்மில் பலர் தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். ‘இங்கிலீஷ் மேக்’ அல்லர். அது குறையா? மற்றவர்கள் எழுதும் அதே தேர்வை நாமும் எழுதுகிறோம். அதே சுமையைத் தாங்குகிறோம். எங்கே பிறந்தது என்பது ஒரு வரி. தேறியது என்பது அதற்கு அடுத்த வரி. இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவரே படித்தவர்.

நம் வீட்டிலும் தெருவிலும் உள்ளவர்கள் ஒரு தாளையோ ஒரு பொருளையோ நம் கையில் கொடுத்து, “என்ன எழுதியிருக்கு?” என்று கேட்கும் நாள் நமக்கு நிச்சயம் வரும். மேலோட்டமாகப் படித்து ஒரு சொல்லைச் சொல்லிவிடுவது எளிது. அந்த ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் உறக்கம் அடங்கியிருக்கலாம். எழுத்து எங்கே பிறந்தது, யார் பொறித்தார், எதற்காகப் பொறித்தார் என்று கடைசி முத்திரை வரை தேடிப் படித்துச் சொல்வோமாக. நாம் பெறப்போகும் பட்டத்துக்கு அதைவிடச் சிறந்த பயன் வேறென்ன இருக்க முடியும்?