எங்கே வாழ்வு நன்று?

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகத் தெற்கே செல்வோர் லாரிகளின் அணிவகுப்பையும் கோழிப்பண்ணைகளின் நீண்ட கூரைகளையும் கண்டிருப்பர். அதே சமவெளியில், ஊர்களைவிட்டுச் சற்று ஒதுங்கி, இலங்கைத் தமிழர் வாழும் முகாம்களும் உள்ளன. நம்மில் பலர் அவற்றைக் கவனித்ததில்லை. நாமும் நெடுநாள் கவனித்ததில்லை.

2024ஆம் ஆண்டு கோடையில் அத்தகைய முகாம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். கையில் ஒரு செய்தித்தாள் நறுக்கு இருந்தது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் அவ்வாண்டு மார்ச்சில் வெளியிட்ட மனித மேம்பாட்டுப் பட்டியல் அது. 193 நாடுகளில் இலங்கைக்கு 78ஆம் இடம். இந்தியாவுக்கு 134ஆம் இடம். பாகிஸ்தானியப் பொருளியலறிஞர் மகபூப் உல் ஹக், நம் அமர்த்தியா சென் ஆகியோரின் சிந்தனையால் உருப்பெற்று, 1990இல் அறிமுகமான அளவுகோல் இது. மக்கள் எத்தனை ஆண்டுகள் வாழ்கின்றனர், எத்தனை ஆண்டுகள் கற்கின்றனர், என்ன வருவாய் பெறுகின்றனர் என்ற மூன்றையும் சேர்த்து எடைபோடுவது. இலங்கை முந்தி நிற்பதில் வியப்பில்லை. அங்கே 1945 முதலே கட்டணமில்லாக் கல்வி, மருத்துவமும் அவ்வாறே. 2022இல் அந்நியச் செலாவணி தீர்ந்து, எரிபொருளுக்கு மக்கள் வரிசையில் நின்ற பின்னும் அந்த அடித்தளம் முற்றாகச் சரியவில்லை.

மன்னாரிலிருந்து வந்த மூதாட்டி ஒருவரிடம், "அம்மா, இரு நாட்டிலும் வாழ்ந்திருக்கிறீர்கள். எங்கே வாழ்வு நன்றாக இருக்கிறது?" என்று கேட்டோம். கேள்வி நமக்கு எளிதாகவே தோன்றியது.

தேநீரை நம் முன் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "அங்க பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் குறையில்லை ஐயா. ஆனா ராத்திரியில நித்திரை இல்லை. இங்க வந்த அண்டைக்குத்தான் பிள்ளையள் நித்திரை கொண்டதுகள்."

அவர் கடல் கடந்ததும் 1990இல்தான். உலகம் மனித வாழ்வை அளக்கத் தொடங்கிய அவ்வாண்டின் ஜூனில் அங்கே மீண்டும் போர் மூண்டது. இரு குழந்தைகளுடன் படகேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாம் வழியாக இங்கு அனுப்பப்பட்டவர் அவர். அச்சமற்ற உறக்கத்தை அளக்க அந்தப் பட்டியலில் இடமில்லை.

இந்தியாவே சிறந்தது என்று மனத்துக்குள் முடிவு கட்டினோம். அப்போது அவருடைய பேரன் வந்தார். நம்மைக் கண்டதும் சிரித்தார்.

"சார், போன பொங்கலுக்கு உங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சது நானுங்க."

பாட்டியின் பேச்சில் மன்னார். பேரனின் பேச்சில் கொங்கு நாடு. பொறியியல் பட்டம் பெற்றவர். பத்து நாள் நம் வீட்டில் உழைத்திருக்கிறார். ஊர் எது என்றோ, பெயர் என்ன என்றோ நாம் கேட்டதில்லை.

"இவன் இங்கதான் பிறந்தவன். எந்த நாட்டுப் பிள்ளை எண்டு நீங்களே சொல்லுங்கோ ஐயா" என்றார் மூதாட்டி.

நம்மால் சொல்ல இயலவில்லை. 1987 ஜூலைக்குப் பின் இம்மண்ணில் பிறந்தால் மட்டும் குடியுரிமை கிட்டாது. பெற்றோரில் ஒருவரேனும் குடிமக்களாய் இருந்தாக வேண்டும். 2019இன் திருத்தச் சட்டத்திலும் இலங்கைக்கு இடமில்லை. ஆகவே அரசுப் பணிக்கு அவர் விண்ணப்பிக்க இயலாது. கணக்கெடுப்பு நாளில் முகாமில் இருந்தாக வேண்டும். 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. புதிய வீடுகளும் எழுகின்றன. நன்றிக்குரியனவே. ஆயினும் மூதாட்டியின் கேள்வி அப்படியே நிற்கிறது.

இக்கேள்வி இச்சமவெளிக்குப் புதிதும் அன்று. சேலம், திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்து இலங்கையின் தோட்டங்களுக்குச் சென்றோரின் வழித்தோன்றல்களில் மிகப் பலர், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோர் ஆயினர். நம்மவர்க்கு அங்கே நேர்ந்தது அநீதி என்று பேசிவந்தோம். அங்கிருந்து வந்தவரின் பேரர்க்கு இங்கே நேர்வதை என்னவென்பது?

வாழ்நாளும் கல்வியும் வருவாயும் வேண்டும். அச்சமற்ற இரவும் வேண்டும். அவற்றோடு, 'இது என் ஊர்' என்று சொல்லும்போது எவரும் மறுக்காதிருக்கவும் வேண்டும். முதலிரண்டில் ஒவ்வொன்றை ஒவ்வொரு நாடு தந்தது. மூன்றாவதை அக்குடும்பம் இன்னும் பெறவில்லை.

நறுக்கைச் சட்டைப்பையிலேயே மடித்து வைத்துக்கொண்டோம். விடைபெறுமுன் அந்த இளைஞரின் பெயரைக் கேட்டறிந்தோம். அன்று நம்மால் இயன்றது அவ்வளவே.